தலையில் ஊற்றிய நீரும் வயிற்றில் வளரும் கருவும்

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்தபோது தமிழ் வாசகர் உலகம் இரண்டுபட்டது. மழை பெய்யும் ஒரு மாலையில் முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறிய மாணவி, கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். செய்தி கேட்ட தாய் முதலில் அலறுகிறாள், அடிக்கிறாள். அண்டை வீட்டார் கேட்கும்போது, மழையில் நனைந்து வந்ததற்காகக் கண்டித்ததாகச் சொல்லி மறைக்கிறாள். பின்னர் மகளின் தலையில் நீரை ஊற்றி, அவள் தூயவள் என்று தேற்றுகிறாள். அக்கதை இவ்வாறு முடிந்ததைப் பலர் பொறுக்கவில்லை.

எதிர்ப்புக்கு விடையளிப்பதுபோல ஜெயகாந்தன் பின்னர் எழுதிய நாவலே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1972இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற அந்நாவலில் தாய் வாயடக்கவில்லை, ஊர் அறிகிறது, அண்ணன் கங்காவை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். அடைக்கலம் தந்த மாமனே அவளைத் தவறான கண்ணுடன் பார்க்கிறான். குற்றம் செய்தவன் செல்வத்துடன் வாழ, குற்றமற்றவள் வாழ்நாளெல்லாம் தண்டனை அனுபவிக்கிறாள். பெற்றோரின் முதல் சொல் ஒரு பெண்ணின் எஞ்சிய வாழ்வை எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதற்கு இவ்விரு படைப்புகளையும் அருகருகே வைத்துப் படிப்பதைக் காட்டிலும் சிறந்த பாடம் தமிழில் அரிது.

ஆயினும் நமக்கு ஒரு குறை தோன்றுகிறது. நீரூற்றிய தாயின் கருணை, அப்பெண் கருவுறவில்லை என்பதால்தான் எளிதாயிற்று. அடுத்த மாதம் அவள் குளியாதிருந்தால் அத்தாய் என்ன செய்திருப்பாள்? முதல் நாள் மகளைக் காத்த மறைப்பு, அதன்பின் அவளுக்கே பகையாகியிருக்கும் அல்லவா? வயிற்றில் வளர்வதை நீர் கழுவாது. பெற்றோரின் உண்மையான சோதனை தொடங்கும் இடத்தில் ஆசிரியர் பேனாவை வைத்துவிட்டார் என்பதே நம் துணிபு.

அச்சோதனையைத் திருமறை ஒதுக்கவில்லை. அன்னை மர்யம் (அலை) அவர்கள் எப்பழியும் அறியாதவர்கள், இறையாணையால் கருவுற்றவர்கள். எனினும் 19ஆம் அத்தியாயத்தில் அவர்கள் குழந்தையுடன் வந்து நின்றபோது சமூகத்தார் பழித்துச் சுட்டிக்காட்டியது அவர்களுடைய தந்தை, தாயின் நற்பெயரை. பெண் நின்ற நிலையை எவரும் கேட்கவில்லை. குடும்ப மானமே பேச்சாயிற்று. ஆனால் பேரீச்ச மரத்தடியில் வேதனையுற்றுத் தனித்திருந்தவர்களுக்கு இறைவனிடமிருந்து வந்தது விசாரணை அன்று. கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதல், பருக நீர், உண்ணக் கனி. எது முதலில் தரப்பட வேண்டும் என்பதை இதனினும் தெளிவாக யார் கூறுவார்?

ஸஹீஹ் முஸ்லிமில் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அறிவிக்கும் நிகழ்ச்சியும் நோக்கத்தக்கது. ஜுஹைனா குலத்துப் பெண் ஒருத்தி தவறிக் கருவுற்றதைத் தானே வந்து ஒப்புக்கொள்கிறாள். நாயகம் (ஸல்) அவர்கள் அவளுடைய காப்பாளரை அழைத்து, பிள்ளை பெறும்வரை அவளை நன்முறையில் நடத்துமாறு பணிக்கிறார்கள். அந்நிகழ்ச்சியின் முடிவு கடுமையானது. அதை மறைப்பது நேர்மையன்று. ஆனால் தானே குற்றத்தை ஒப்புக்கொண்டவள் விஷயத்திலும் காப்பாளருக்கு இடப்பட்ட கட்டளை நன்னடத்தையே என்றால், ஏமாற்றப்பட்ட பதினாறு வயதுச் சிறுமியை அடிக்கவும் துரத்தவும் பெற்றோருக்கு யார் உரிமை தந்தார்?

புதுக்கோட்டை மாவட்டத்துக் கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம் போன்ற கடலோர ஊர்களில் அத்தா சபரில் இருக்க, அம்மா தனியே பிள்ளைகளை வளர்க்கும் வீடுகள் உண்டு. செய்தி அவளுக்கே முதலில் தெரியவரும். ஊருக்கு அஞ்சி அவள் நாட்டு மருந்தைத் தேடினால் மகளின் உயிருக்கே ஆபத்து. அவசரமாக நிக்காஹ் முடித்தால் அது 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம். மகளைக் கெடுத்தவனிடமே அவளை ஒப்படைப்பதாகவும் ஆகலாம். 

செய்யத்தக்கது வேறு. மகளை அருகில் அமர்த்தி, யார், எப்படி என்பதை அச்சுறுத்தாமல் கேட்க வேண்டும். தாமதமின்றி அரசு மருத்துவமனையை நாட வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டவள் எனில் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். கருக்கலைப்பை நாடும் சிறுமியும் காப்பாளரும் வேண்டினால், அத்தகவலில் அவளது அடையாளத்தை வெளியிடத் தேவையில்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி சிறுமியர்க்கு 24 வாரம்வரை, காப்பாளரின் எழுத்து ஒப்புதலுடன் சட்டப்படி கருக்கலைப்புக்கு இடமுண்டு; 20 வாரம் கடந்தால் இரு மருத்துவரின் கருத்து வேண்டும். 120 நாள் பற்றிய நபிமொழியை வைத்து மார்க்கச் சட்ட அறிஞர்கள் பலவாறு கருதினர். நம்பிக்கைக்குரிய ஆலிமிடம் கேட்கலாம். ஆனால் நாளைக் கடத்தலாகாது. மகளின் விருப்பத்தைக் கேளாமலும் முடிவெடுக்கலாகாது. அவள் பெற்றெடுப்பாளாயின் பேறுகாலக் கவனிப்பும், பின் பள்ளிக்குத் திரும்பும் வழியும் அவளுக்கு உரியவை. உதவிக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் உண்டு.

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, ஆதரவற்ற பெண்களுக்காக 1930இல் ஔவை இல்லத்தைத் தோற்றுவித்தார். பெற்ற வீடு கதவைச் சாத்தும்போதுதான் பெண்ணுக்கு இல்லங்கள் தேவைப்படுகின்றன. நம் ஜமாஅத்துகள் இக்கதவுகளைத் திறந்து வைக்கவேனும் துணைநிற்க வேண்டாமா? புறம் பேசுவோரை அடக்கும் கடமையும் அவர்களுக்கு உண்டு. கற்புள்ள பெண்மீது நான்கு சாட்சியின்றிப் பழி சுமத்துவோருக்கே திருமறை தண்டனை விதிக்கிறது.

நம் எழுத்தாளர்களிடம் நாம் வேண்டுவதும் ஒன்று உண்டு. ஜெயகாந்தன் நிறுத்திய இரவுக்கு மறுநாள் காலையை எழுதுங்கள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைப் படியேறும் ஒரு தாயை, கடல் கடந்த ஊரிலிருந்து தொலைபேசியில் “பிள்ளையைத் திட்டாதே, நான் வருகிறேன்” என்று சொல்லும் ஓர் அத்தாவை நமக்குக் காட்டுங்கள். அத்தகைய பெற்றோரைக் கதையில் கண்ட வீட்டார், தம் வீட்டில் அந்த நாள் வந்தால் வழி தெரியாது நிற்க மாட்டார்கள்.