காவல் என்னும் சொல்

மணிமேகலை நடத்தும்போது பத்தொன்பதாம் காதை வந்ததும் வகுப்புக்கு உற்சாகம் வந்துவிடும். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கச் செய்த பெண், தேர்வுக்கும் பட்டிமன்றத்துக்கும் பொருத்தமானவள். நான்கு காதைகள் தள்ளி, சிறைவிடு காதையில் அதே பெண்ணுக்கு நேர்வதை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம்.

உதயகுமரனை வெட்டியவன் காஞ்சனன் என்னும் விஞ்சையன். அவன் தன் ஊருக்குப் போய்விடுகிறான். கொலை செய்யாத மணிமேகலையைக் காவலில் வைக்கச் சொல்கிறான் மன்னன். அறக்கோட்டம் கண்ட ஊருக்கு மூன்றே காதைகளில் மறுபடியும் சிறை தேவைப்பட்டுவிடுகிறது. பிறகு, மகனை இழந்த அரசமாதேவி அவளைச் சிறையிலிருந்து மீட்டுத் தன்னிடம் வைத்துக்கொள்கிறாள். பார்ப்பவர்களுக்கு அது கருணை. உள்ளே பித்தேற்றும் மருந்து கொடுக்கிறாள். அது பலிக்காதபோது அவளைக் கெடுக்க ஓர் இளைஞனை ஏவுகிறாள். அதுவும் பலிக்காதபோது நோய் வந்துவிட்டது என்று சொல்லிப் புழுக்கறையில் அடைத்து உணவை நிறுத்துகிறாள். இத்தனையும் செய்பவள் ஒரு பெண் என்பதையும் நாம் விழுங்கிவிடக் கூடாது.

மணிமேகலை தப்பிப்பதற்கு முற்பிறப்பு அறிவும், வேற்றுரு எடுக்கும் மந்திரமும், பசி தீர்க்கும் மந்திரமும் இருந்தன. இவை எதுவும் இல்லாத பெண்ணைச் சட்டத்தில்தான் தேடவேண்டியிருக்கிறது.

சிதம்பரத்தில் இந்தப் பாடம் நடந்த ஒரு நாள், கடலூரிலிருந்து தினமும் பேருந்தில் வரும் மாணவி எழுந்தாள். “கொலை பண்ணிட்டு பைத்தியம்னு சொன்னா விட்டுருவாங்களா மேடம்? அப்புறம் நாங்க எப்படி பயமில்லாம ரோட்டுல நடக்கிறது?” இருட்டிய பிறகு பேருந்து நிலையத்திலிருந்து வீடுவரை நடக்கிற பெண்ணின் கேள்வி அது. அதை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

சட்டம் இரண்டு வேறு கேள்விகளைக் கேட்கிறது. செயலைச் செய்த நேரத்தில், தான் செய்வது என்ன, அது தவறா என்பதை அறிய முடியாத அளவுக்கு மனம் குலைந்திருந்ததா? பழைய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு இது; இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 22. இதை மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. ‘பைத்தியம்’ என்று சொன்னால் மட்டும் போதாது. இரண்டாவது கேள்வி, இன்று தன் வழக்கைத் தானே எதிர்கொள்ளும் நிலையில் அவர் இருக்கிறாரா என்பது. இல்லையென்றால் விசாரணை தள்ளிவைக்கப்படும். முதல் கேள்வியில் விடுதலை கிடைத்தாலும் அவர் நேரே வீதிக்கு வந்துவிடுவதில்லை. செயலைச் செய்தவர் அவர்தான் என்று நீதிமன்றம் கண்டால் பாதுகாப்பான காவலில் வைக்கும், அல்லது உறவினரிடமோ நண்பரிடமோ ஒப்படைக்கும். தமிழில் காப்பதற்கும் அடைப்பதற்கும் காவல் என்ற ஒரே சொல்தான்.

அந்தக் காவலுக்கு முடிவு இருக்கிறதா? அஸ்ஸாமைச் சேர்ந்த மசாங் லாலுங் 1951இல் கைதானார். மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967இல் குணமடைந்தார் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகும் விசாரணை நடக்கவில்லை. வெளியே வந்தது 2005இல். இடையில் 54 ஆண்டுகள்.

பெண்ணுக்கு இன்னொரு பூட்டும் இருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 369, 374 ஆகிய இரு பிரிவுகளிலும், அவரைப் பார்த்துக்கொள்வேன், தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாமல் தடுப்பேன் என்று பொறுப்பேற்க உறவினரோ நண்பரோ வரவேண்டும். மனநோயைக் காட்டி மணமுறிவு கேட்க 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் இடம் தருகிறது. கணவன் வெட்டிக்கொண்ட பெண்ணுக்கு, பிறந்த வீடு வெட்கப்படுகிற பெண்ணுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 19ஆம் பிரிவில். அந்த நியாயம் குற்ற வழக்கின் வாசலில் தயங்கி நின்றுவிடுகிறது.

என் மாணவிக்கு நான் ஏர்வாடியை நினைவூட்டினேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்கள் எந்த வழக்கிலும் குற்றவாளிகள் அல்லர். சங்கிலி அவர்களுடைய பாதுகாப்புக்கு என்றுதான் சொல்லப்பட்டது.

மலர்வனம் புக்க காதையில் புகாரின் தெருவில் ஒரு பித்தன் வருகிறான். எருக்கமாலை போட்டு, கந்தல் கட்டி, அழுது, விழுந்து, அரற்றுகிறான். அவன் துன்பத்தைக் கண்டு வருந்தி நிற்கிறவர்களையும் சாத்தனார் காட்டுகிறார். அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன், ஆனால் அது போதாது. நின்று பார்க்கிற கூட்டத்தால் அவனுக்கும் பயனில்லை, அந்தத் தெருவில் நடக்கிற பெண்ணுக்கும் பயனில்லை. அதோடு, அவன் இடத்தில் ஒரு பித்தி வந்திருந்தால் கூட்டம் வருந்தி மட்டும் நின்றிருக்குமா? சிதம்பரத்தின் நான்கு வீதிகளில் நடக்கிற நமக்கு விடை தெரியும்.

மாணவி கேட்ட பாதுகாப்பு கேப்பர் மலைச் சிறைச் சுவரிலிருந்து தொடங்குவதில்லை. முதல் மனக்குலைவின்போதே கைக்கெட்டும் மருத்துவம், குணமான பின் திரும்பிவர ஓர் இடம், உறவினர் கையெழுத்து இல்லாதபோது அரசு போடும் கையெழுத்து: இவை அவளையும் காக்கும், அவள் அஞ்சுகிறவரையும் காக்கும். அடுத்த ஆண்டு சிறைவிடு காதையிலிருந்துதான் பாடத்தைத் தொடங்கப்போகிறேன்.