ராமானுஜன் தவறவிட்ட எண்

கோவை மில்களில் 40-ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டு எடையில் 40 சிட்டம் இருக்கும். ஒரு சிட்டத்துக்கு 840 கஜம். ஒன்றரை கஜச் சுற்றளவுள்ள ரீலில் 80 சுற்று சுற்றினால் 120 கஜம், அப்படி ஏழு சேர்ந்தால் 840. கணித அழகை நினைத்து வைத்த அளவல்ல, பட்டறைக் கணக்குதான். ஆனாலும் 840-ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் 32. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை வகுத்திகள் கிடையாது. இப்படித் தன்னினும் சிறியவை எல்லாவற்றையும் வகுத்திகளில் முந்துவது மிகு பகு எண். அவற்றின் இலக்கணத்தை எழுதியவர், 1887 டிசம்பர் 22 அன்று நம் ஈரோட்டில் பிறந்த ராமானுஜன். (வளர்த்த பெருமையைக் கும்பகோணம் வைத்துக்கொள்ளட்டும்.) 1915-இல் லண்டன் கணிதக் கழக இதழில் வந்த அந்தக் கட்டுரைக்காகவே மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது. அதில் அவர் கையால் கணக்கிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட மிகு பகு எண்களின் பட்டியல் உண்டு. ஒன்று மட்டும் விடுபட்டுப்போனது: 293318625600.

29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. இதற்கு 5040 வகுத்திகள். இதைவிடப் பெரியதும் பார்வைக்கு முழுமையானதுமான 30,000 கோடிக்கோ வெறும் 288. பிரித்துப் பார்த்தால் வேலைப்பாடு தெரியும்: ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, அப்புறம் 11, 13, 17, 19 ஒவ்வொன்று. பாவில் ஓர் இழையை மாற்றிப் பாருங்கள். 2-இன் அடுக்கையும் 3-இன் அடுக்கையும் இடம் மாற்றினால் வகுத்திகள் அதே 5040, ஆனால் எண் இரண்டேகால் மடங்கு பருத்துவிடும். 19-ஐ உருவிவிட்டு, அதற்கு மிக நெருங்கிய 18-ஐ, அதாவது ஒரு 2-ஐயும் இரண்டு 3-ஐயும் செருகினால் எண் கொஞ்சம் இளைக்கும். வகுத்திகளோ 4032-க்கு இறங்கிவிடும். சிக்கனத்தின் உச்சம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இன்று கணினி நொடியில் கக்கிவிடும் பட்டியலில் ரசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பட்டியலைக் கணினி தரும், உண்மைதான். ஆனால் 4, 36 என்ற இரண்டைத் தவிர எந்த மிகு பகு எண்ணிலும் கடைசிப் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும் என்று ராமானுஜன் நிறுவினார். முடிவில்லாத வரிசை முழுவதற்கும் பொருந்தும் விதி அது; எண்ணிக்கொண்டே போகும் எந்த இயந்திரமும் அதன் கடைசியைத் தொடாது. ஓர் எண்ணையே கோட்டைவிட்டவரின் கைவேலையை இப்படிப் புகழலாமா என்பது அடுத்த கேள்வி. தாராளமாகப் புகழலாம். சறுக்கியது பட்டியல்; விதி சறுக்கவில்லை. விடுபட்ட எண்ணிலும் 19 ஒரு முறைதான் வருகிறது. தவிர, அவருடைய பட்டியலின் கடைசி எண் 6746328388800. தாளை எடுத்து அதை 23-ஆல் வகுத்துப் பாருங்கள். விடுபட்ட எண் அப்படியே வந்து நிற்கும்.