கணிப்பும் மதிப்பீடும்

தேசியத் திரைப்பட விருதுகளின் அறிவிப்பு நெருங்குகிற நாட்களில் தமிழில் சினிமா விமர்சனம் என்ற பெயரில் எழுதப்படுபவற்றை வாசிக்கிறவனுக்கு ஒன்று தட்டுப்படாமல் போகாது. படம் எப்படி என்று யாரும் எழுதுவதில்லை. யாருக்குக் கிடைக்கும் என்றுதான் எழுதுகிறார்கள். சிறந்த நடிகர் இன்னார், தவறினால் இன்னார். சொல்லப்படும் காரணங்களும் படத்துக்குள்ளிருந்து எடுத்தவையாக இரா. போன வருஷம் மலையாளத்துக்குப் போயிற்று, ஆகவே இவ்வருஷம் நமக்கு. இந்த நடிகருக்கு இதுவரை கொடுக்கவில்லை, ஆகவே இப்போது. இந்த விஷயம் டில்லிக்கு ஆகாது, ஆகவே கிடைக்காது. குதிரைப் பந்தயத்துக்குப் போகிறவன்கூட குதிரையை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுகிறான்.

நான் இருக்கும் கணியூர், அமராவதிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் தென்னையும் விளைகிற ஊர். மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் ஆள் அனுப்புகிற ஊரும்கூட. ஊர்ப் பெயரிலேயே ‘கணி’ இருப்பதால் ஆரூடம் எங்கள் பிதிரார்ஜிதம் என்று நண்பர்கள் கேலி பேசுவதுண்டு. திருப்பூரில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் ஓர் இளைஞர் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தால் பேக்கரியில் சந்திப்போம். நிறையப் படம் பார்க்கிறவர், பார்த்ததை மறக்காதவர். அவர் ஒரு நாள், “ஏனுங்கண்ணா, இந்தத் தடவ யாருக்குங்க கெடைக்கும்?” என்று கேட்டார். உங்களுக்கு எது பிடித்தது என்று திருப்பிக் கேட்டேன். “நமக்குப் புடிச்சு என்னங்கண்ணா ஆவப்போவுது? சாம்பிள பையர் ஓகே பண்ணுனாத்தான் ஆர்டர்” என்றார்.

தொழிலில் இது நியாயமான பேச்சு. எங்கோ இருக்கிற பையருக்குப் பிடித்த நிறத்தில், பிடித்த அளவில் வெட்டுகிறவன் தன் விருப்பத்தை அதில் நுழைக்க முடியாது. ஆனால் படம் பார்ப்பதில் நாம் யாருடைய ஆர்டரை முடித்துக் கொடுக்கிறோம்? தன் கண்ணால் பார்த்த ஒருவர் தன் அபிப்பிராயத்துக்குப் பெறுமானம் இல்லை என்று தானே முடிவு கட்டிவிடுகிறார். விமர்சனம் அவருக்கு அதைத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறது என்பதே என் புகார்.

கணிப்பு என்பதும் எல்லா இடத்திலும் ஒரே காரியம் அல்ல. அமெரிக்காவில் ஆஸ்கருக்கு ஏறக்குறையப் பத்தாயிரம் பேர் ஓட்டுப் போடுகிறார்கள். முதலில் பரிந்துரைப் பட்டியல் வெளியாகிறது. அதற்கு முன்னும் பின்னுமாக நடிகர்கள், இயக்குநர்கள், தயாரிப்பாளர்கள் ஆகியோரின் சங்கங்கள் தத்தம் விருதுகளை அறிவித்துவிடுகின்றன. அந்தச் சங்கத்தார் பலர் ஆஸ்கர் வாக்காளர்களும்கூட. ஆகவே அங்கே கணிப்பது ஒருவகைக் கூட்டல் கணக்கு. 1940-ல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்திரிகை முடிவுகளை விழாவுக்கு முன்பே அச்சிட்டுவிட்டதால்தான் அடுத்த வருஷத்திலிருந்து முத்திரையிட்ட உறை வந்தது. உறைக்குள் இருப்பது ஒரு தொழிற்கூட்டத்தின் பெரும்பான்மை. பெரும்பான்மையை ஊகிக்க முடியும்.

இங்கே அப்படி இல்லை. பரிந்துரைப் பட்டியல் என்று எதுவும் வெளிவருவதில்லை. அந்த வருஷத்தில் தணிக்கைச் சான்றிதழ் பெற்று, தயாரிப்பாளரால் விண்ணப்பிக்கப்பட்ட படம்தான் போட்டியிலேயே இருக்கிறது. பட்டியல் போடுகிறவர்கள் இதைக்கூட விசாரிப்பதில்லை. 2009-ம் வருஷத்துப் படங்களிலிருந்து இரண்டு அடுக்கு முறை: பிராந்தியக் குழுக்கள் சலித்துக் கொடுப்பதை மத்தியக் குழு பார்க்கிறது. ஒரு அறையில் அடங்கிவிடக்கூடிய சிலர். அடுத்த வருஷம் வேறு சிலர். அவர்களுக்குள் என்ன பேச்சு நடந்தது என்பது வெளியே வராது. வருஷத்துக்கு வருஷம் மாறும் ஒரு சிறு அறையைப் பற்றி ஆரூடம் சொல்வதில் கணக்குக்கும் இடமில்லை, ரசனைக்கும் இடமில்லை. மிஞ்சுவது வதந்தி.

சரித்திரத்தைப் பார்த்தாலும் சூத்திரம் கிடைக்காது. 1954-ல் வெளிவந்த ‘மலைக்கள்ளன்’ ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. அது எங்கள் பக்கத்துப் படம். கோவை பட்சிராஜா ஸ்டுடியோவில் ஸ்ரீராமுலு நாயுடு எடுத்தது. கொள்ளைக்காரன், வாள், மாறுவேஷம், பாட்டு எல்லாம் உள்ள படம். விருதுப் படம் என்றால் மெதுவாக நகர வேண்டும், வறுமை இருக்க வேண்டும் என்று இன்று சொல்கிறவர்கள் இதை எந்தக் கட்டத்தில் அடைப்பார்கள்? 1971-ல் இரண்டு ரிக்‌ஷாக்காரர்கள் தமிழ்த் திரைக்கு வந்தார்கள். ‘ரிக்‌ஷாக்காரன்’ எம்.ஜி.ஆருக்குச் சிறந்த நடிகர் விருது வாங்கிக் கொடுத்தது. ‘பாபு’வில் ரிக்‌ஷா இழுத்த சிவாஜி கணேசனுக்கு அந்த வருஷமும் இல்லை, கடைசி வரையிலும் அந்த விருது இல்லை. 1992-ன் ‘தேவர் மக’னுக்கு நடுவர்களின் சிறப்பு விருது என்று ஒன்று வந்தது. இதை வைத்துக்கொண்டு டில்லி நட்சத்திரத்துக்குக் கொடுக்கும் என்று சொன்னால், 1979-ல் ‘பசி’யில் நடித்த ஷோபா எதிரே நிற்கிறார்.

சிறந்த படம் என்ற முதல் பரிசு இதுவரை மூன்று தமிழ்ப் படங்களுக்குத்தான் வந்திருக்கிறது. 1990-க்கு ‘மறுபக்கம்’; இந்திரா பார்த்தசாரதியின் ‘உச்சி வெயி’லிலிருந்து சேதுமாதவன் எடுத்தது. 2007-க்குப் பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’. 2020-க்கு சுதா கொங்கராவின் ‘சூரரைப் போற்று’. ஒரு பிராமணக் குடும்பத்தின் உள்முறிவு, மகளின் கல்யாணப் புடவைக்காகப் பட்டு இழையை வாயில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுபோகும் நெசவாளி, குறைந்த கட்டணத்தில் விமானம் விடும் லட்சியவாதி. இந்த மூன்றையும் ஒரே கயிற்றில் கோக்கிற விதி எது? ஒன்றும் இல்லை. நல்ல படத்துக்குத்தான் கொடுக்கிறார்கள் என்றும் சொல்ல வராது. என் கணக்கில் மூன்றும் ஒரே தரமல்ல. ‘காஞ்சிவர’த்தில் வாய்க்குள் அடங்கிய அந்த இழை, கதாநாயகன் பேசும் எந்தப் பேச்சையும்விட அதிகம் சொல்கிறது. ‘சூரரைப் போற்’றில் எல்லாமே பேசப்பட்டுவிடுகிறது, கைத்தட்டலுக்கு இடம் விட்டே ஒவ்வொரு காட்சியும் முடிகிறது.

விருதுக்கு ஏதாவது உபயோகம் உண்டென்றால் அது ஒன்றுதான்: நாம் பார்க்கத் தவறியதைப் பார்க்கச் சொல்வது. 1977-க்கு தமிழில் சிறந்த படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது ஜான் ஆபிரகாமின் ‘அக்ரஹாரத்தில் கழுதை’. திரைக்கதை வெங்கட் சாமிநாதன். சிறுபத்திரிகைக்காரன் ஒருவன் எழுதி, மலையாளி ஒருவர் இயக்கிய இந்தப் படத்தைத் தமிழ்ப் பத்திரிகைகள் பொருட்படுத்தவில்லை. 1989-ல் தூர்தர்ஷனில் காட்டுவதாக இருந்து, எதிர்ப்பு எழுந்ததும் நிறுத்திவிட்டார்கள். டில்லியில் ஒரு அறையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது இங்கே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. அதைச் சொல்வதற்காகவாவது அந்த விருது பயன்பட்டது.

கணிப்புப் பட்டியல் இதற்கு நேர் எதிரான காரியத்தைச் செய்கிறது. ஏற்கெனவே பேசப்பட்டவை மட்டுமே அதில் இடம்பெறும். பேசப்படாத படத்தின் பெயரை எழுதினால் பட்டியல்காரனை யாரும் மதிக்க மாட்டார்கள். ஆகவே கணிப்பு முழுக்கப் பலித்த வருஷத்தில் விருது நமக்குப் புதிதாக ஒன்றையும் சொல்லவில்லை என்று ஆகிறது. பலிக்காத வருஷத்திலோ பட்டியல்காரர்கள் பார்க்காததைத் தேடிப் போவதில்லை, ஏமாற்றப்பட்டதாகக் கோபித்துக்கொள்கிறார்கள்.

2023 ஆகஸ்ட் 24-ந் தேதி நடந்தது இதுதான். 2021-ம் வருஷத்துப் படங்களுக்கான அறிவிப்பு. என் காதில் விழுந்த பட்டியல்கள் எல்லாவற்றிலும் ‘ஜெய் பீம்’ இருந்தது. ‘கர்ணன்’, ‘சார்பட்டா பரம்பரை’ பெயர்களும் இருந்தன. மூன்றுக்கும் ஒன்றுமில்லை. சிறந்த நடிகர் ‘புஷ்பா’வின் அல்லு அர்ஜுன் என்றதும் கோபம் இரட்டிப்பாயிற்று. தமிழில் சிறந்த படம் மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’. அதில் நடித்த நல்லாண்டிக்குச் சிறப்புக் குறிப்பு. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிழவர். அதற்கு முன் நடித்தவரல்ல. படம் 2022 பிப்ரவரியில் திரைக்கு வருமுன்பே இறந்துவிட்டார். ‘ஜெய் பீ’மைக் கைவிட்ட அதே அறைதான் இவரையும் கண்டுகொண்டது. முந்தையதைச் சதி என்றும் பிந்தையதை ஞானம் என்றும் சொல்வது சௌகரியம். இரண்டையும் ஒரே அறை செய்தது என்பதை யாரும் யோசிக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் கிடைக்காததைப் பற்றியே பேச்சு. நல்லாண்டி என்ன செய்தார் என்று நாலு வரி எழுத ஆளில்லை.

அவர் செய்ததை நான் இப்படிப் பார்க்கிறேன். அந்தப் படத்தில் மாயாண்டிக்குக் காது மந்தம். செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்ததற்காக, கொன்றதாக வழக்கு. நீதிமன்றத்தில் நிற்கும்போது அவருக்குத் தன் மேல் உள்ள குற்றச்சாட்டு விளங்கவில்லை என்பதல்ல. அது முக்கியமாகப் படவில்லை. தண்ணீர் பாய்ச்ச ஆளில்லாமல் நாற்று காயும் என்பதே அவர் நினைப்பு. பயிற்சி பெற்ற நடிகர் இங்கே பரிதாபத்தை வரவழைத்திருப்பார். நல்லாண்டி பரிதாபத்தைக் கேட்கவில்லை. அமராவதி வாய்க்காலில் முறைத் தண்ணீருக்குக் காத்துக்கிடந்தவர்களைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அந்த முகத்தில் பொய் ஒன்றும் தட்டுப்படவில்லை. அதே படத்தில் முருகனைத் தேடித் திரியும் ராமையாவின் பகுதி வேறு சரக்கு. நிலத்தில் கால் ஊன்றிய ஒரு படத்தை அது ஆகாயத்தில் விடுகிறது. மணிகண்டனுக்குத் தன் கிழவர் மேல் இருந்த நம்பிக்கை முழுசாக இருந்திருந்தால் அந்தச் சித்து வேலை தேவைப்பட்டிராது.

இது சரியா தப்பா என்று என்னோடு வாதாடலாம். படத்தை மறுபடி பார்த்துவிட்டு வந்துதான் வாதாட முடியும். இதுதான் கணிப்புக்கும் மதிப்பீட்டுக்கும் உள்ள வித்தியாசம். கணிப்பை டில்லியின் ஒரு அறிவிப்பு பொய்யாக்கிவிடும். மறுநாள் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை. மதிப்பீட்டை டில்லியால் ஒன்றும் செய்ய முடியாது. இன்னொரு ஜோடிக் கண்களால்தான் முடியும்.

விளையாட்டாகப் போடும் பட்டியலுக்கு இத்தனை கோபமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பேக்கரியில் விளையாடட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. பட்டியலால் நாலு பேர் ஒரு படத்தைத் தேடிப் பார்ப்பார்கள் என்றும் சொல்கிறார்கள். பார்க்கிறார்கள், ‘இதற்குக் கிடைக்குமா’ என்ற கேள்வியோடு. கிடைக்கும் என்று தோன்றுகிற இடங்களை மட்டும் அந்தக் கண் குறித்துக்கொள்கிறது: அழுகை, நீண்ட வசனம், உடம்பை வருத்தி இளைத்த கதாநாயகன். நாளடைவில் படம் எடுக்கிறவனும் அந்த இடங்களை வைத்தே எடுக்கப் பழகுகிறான். சாம்பிளைப் பார்த்து வெட்டுகிற வேலை அங்கேயும் வந்துவிடுகிறது. விமர்சகன் அதற்கு அளவு எடுத்துக் கொடுக்கிறவனாக இருக்கக் கூடாது.

2025 ஆகஸ்ட் முதல் தேதி அறிவிப்பிலும் இதே கதை. இங்கே பேச்சில் இருந்தவை ‘விடுதலை’யும் ‘மாமன்ன’னும். தமிழில் சிறந்த படம் என்று வந்தது ‘பார்க்கிங்’. வண்டி நிறுத்தும் ஓர் இடத்துக்காக இரண்டு மனிதர்கள் மிருகமாவதைப் பற்றிய படம், எம்.எஸ். பாஸ்கருக்குச் சிறந்த துணை நடிகர் விருதும் வந்தது. ‘அது எப்படி?’ என்று கேட்டவர்களில் எத்தனை பேர் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள்?

நான் சொல்வது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. அடுத்த அறிவிப்புக்கு முன்னால் இந்தப் பக்கங்களில் எழுதுகிறவர்கள் ஆளுக்கு ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, அது ஏன் நன்றாக இருக்கிறது அல்லது எங்கே கெட்டுப்போயிற்று என்று இரண்டு பக்கம் எழுதி, கீழே பெயரும் தேதியும் போட்டுக் கொடுத்தால் போதும். யாருக்குக் கிடைக்கும் என்ற வார்த்தை அதில் வரக் கூடாது. அறிவிப்பு வந்த பிறகு அதில் ஒரு வரியையும் மாற்ற வேண்டியிராது.