நடைப்பிணங்களும் நாயகர்களும்

இறந்தோர் எழுந்து நடந்து, உயிருள்ளோரைக் கடித்துத் தம்மினத்திற் சேர்த்துக்கொள்ளும் கதைகள் திரைப்படங்களாகவும் தொலைக்காட்சித் தொடர்களாகவும் இன்று உலகெங்கும் பரந்துள்ளன. 2002 முதல் 2016 வரை ஆறு படங்களாக வெளிவந்த 'ரெசிடென்ட் ஈவில்' வரிசை இவ்வகைக்குத் தக்க எடுத்துக்காட்டாகும். உலகமே அழிந்தொழியினும் நாயகி அலிஸின் ஒயில் குலைவதில்லை; அவள் துப்பாக்கி ஏந்தும் பாங்கு ஓர் ஆடற்கோலமாகவே அமைகின்றது. அவளெதிரே கூட்டங்கூட்டமாக வீழ்வோருக்கோ பெயருமில்லை, முகமுமில்லை. இவ்வமைப்பின் வேர் எங்குள்ளது என்பது ஆராயத்தக்கது.

'ஸோம்பி' என்னுங் கருத்து ஹெயிற்றியில் உருப்பெற்றது. பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களில் ஆபிரிக்க அடிமைகள் உழைத்து மாண்ட நாடு அது. சாவையே விடுதலையாக எண்ணியிருந்தோருக்கு, செத்த பின்னரும் சூனியக்காரன் எழுப்பி வேலை வாங்குவான் என்பதினும் பெரிய அச்சம் வேறில்லை. ஆதி ஸோம்பி எவரையும் கடிப்பதில்லை. உழைப்பது மட்டுமே அதன் விதி. 1932இல் வெளிவந்த 'வைற் ஸோம்பி' என்னும் படத்தில் இதன் சாயல் எஞ்சியுள்ளது: சர்க்கரை ஆலையொன்றிற் பிணங்கள் ஓய்வின்றி இயந்திரத்தைச் சுழற்றுகின்றன. 1968இல் ஜோர்ஜ் ரொமேரோவின் 'நைற் ஒவ் த லிவிங் டெட்' வந்ததோடு அத்தொழிலாளி மறைந்து, மனிதரைத் தின்னுங் கும்பல் தோன்றிற்று. (அப்படத்தில் ஸோம்பி என்ற சொல்லே வருவதில்லை என்பது வேறு.) எனினும் ரொமேரோவிடம் ஒரு கூர்மை இருந்தது. பிணங்களிடமிருந்து தப்பிய கறுப்பின நாயகனை மனிதரே சுட்டுக் கொல்கின்றனர். பின்வந்தோருட் பலர் கும்பலை மட்டுமே அவரிடமிருந்து எடுத்துக்கொண்டனர்.

தமிழில் 2016இல் சக்தி சௌந்தர் ராஜன் இயக்கிய 'மிருதன்' இவ்வழியிலேயே செல்கின்றது. நாயகனே இறுதியில் நோய்க்கு ஆட்படுதல் அதன் துணிவு எனலாம். ஆயின் கதை தொடங்கும் ஊட்டி, தேயிலை விளையும் நீலகிரியின் நகரம். அம்மலையில் உழைப்போர் யாவர் என்னும் வினா அங்கே எழவேயில்லை. மலை வெறும் காட்சிப் பின்புலமாய் நின்றுவிடுகின்றது.

கண்டிச் சூழலில் வாழ்வோர் இவ்வினாவை எளிதிற் கடந்துவிட முடியாது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் கண்டி மாவட்டத்திலேயே உள்ளது. கோப்பிக் காலந்தொட்டுத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டோருட் பலர் வழியிலும் தோட்டத்திலும் மாண்டனர். அவர்தம் வழித்தோன்றல்களுட் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிற்று. உழைப்புக்கு அவர்கள் வேண்டியிருந்தனர். உரிமைக்கு அவர்கள் இல்லாதவராயினர். ஹெயிற்றி அடிமையின் அச்சத்துக்கு இதனினும் அண்மையான நிலையொன்றை எண்ணிப்பார்த்தல் அரிது. தமிழில் 'நடைப்பிணம்' என்பதும் எழுந்து வந்த இறந்தவனைச் சுட்டுவதன்று. உயிரிருந்தும் வாழ்விழந்தவனையே சுட்டும். தேயிலையின் அடியில் நினைவுச் சின்னமுமின்றிப் புதைந்தோரை, சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய 'இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே' என்னும் நெடுங்கவிதை நினைவுகூர்கின்றது. அக்கவிதையில் அவர்கள் எவரையும் அச்சுறுத்துவதில்லை.

மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் நிகழும் காமன்கூத்தும் இறந்தவன் மீளுங் கதையே. சிவனின் நெற்றிக்கண்ணால் எரிந்த காமன், ரதியின் வேண்டுதலால் உயிர்பெறுகின்றான். அங்கும் ஒப்பனை உண்டு, மிடுக்கான நடை உண்டு, தப்பொலிக்கு இசைந்த அடவுகள் உண்டு. ஆயினும் கூடியிருப்போரின் நெஞ்சில் தங்குவது காமனின் மிடுக்கன்று. எரிந்தவனுக்காக ரதி வைக்கும் ஒப்பாரியே. அலிஸின் உலகில் வீழ்ந்தோருக்கு ஒப்பாரி வைக்க நேரமிருப்பதில்லை.