காணாத ஊரின் மலைகள்: சாவோ மெங்பூவின் சுருளோவியம் பற்றிய ஒரு நோக்கு

சீன நிலக்காட்சி ஓவியங்களை, உலகியலிலிருந்து ஒதுங்கிய உள்ளத்தின் வெளிப்பாடாக மாத்திரம் கொள்ளும் போக்குப் பலரிடம் காணப்படுகின்றது. சாவோ மெங்பூ (1254–1322) 1296 இல் தம் நண்பர் சௌ மீக்காக வரைந்த 'சுவே, ஹுவா மலைகளின் இலையுதிர்காலத்து நிறங்கள்' என்னும் சுருளோவியம் அக்கருத்தை மீளாய்வு செய்யத் தூண்டுவதாகும்.

இருவரும் 1279 இல் முற்றாக வீழ்ந்த சோங் அரசின் குடிகள். சாவோ அவ்வரச குலத்திற் பிறந்தவராயினும், வென்ற குப்ளாய் கானின் ஆட்சியிற் பதவி ஏற்றார். சௌ மீ (1232–1298) அவ்வாட்சியிற் பணிபுரிய மறுத்தவர். அவருடைய மூதாதையரின் ஊர் வடக்கே ஷான்டொங்கிலுள்ள ஜினான். 1127 இல் வடபகுதி யூர்ச்சென்கள் வசமானபின் அக்குடும்பம் தெற்கே குடிபெயர்ந்தது. தெற்கிற் பிறந்து, அவ்வூரைக் கண்ணாற் காணாத சௌ மீ, தம்மை அந்நாட்டவராகவே கூறிக்கொண்டார். தம் நூலொன்றின் பெயரிலும் அதன் பழம் பெயராகிய 'சி' என்பதைச் சேர்த்தார்.

ஜினானிற் பதவி வகித்துத் திரும்பிய சாவோ அங்குள்ள மலைகளை நண்பருக்கு எடுத்துரைத்து, பின்னர் வரைந்தும் கொடுத்தார். இச்செய்தியை ஓவியத்திலேயே எழுதியும் வைத்துள்ளார். வலப்புறத்தே கூர்மையாக எழும் ஹுவா. இடப்புறத்தே வட்டமாகத் திரண்ட சுவே. இடையே நீர்நிலம், நாணல், மீனவர், குடிசைகள், ஆடுகள். உருவங்களின் அளவுகள் ஒன்றோடொன்று இசைவதில்லை. இதனைத் திறமைக் குறைவாகக் கொள்வது பொருந்தாது. தெற்குச் சோங் ஓவியரின் மூடுபனி மரபைத் தவிர்த்து, டாங் காலத்தையும் பத்தாம் நூற்றாண்டின் டொங் யுவானையும் அவர் நாடுகிறார். வடக்கு கைநழுவுவதற்கு முற்பட்ட ஓவிய மொழியிலேயே வடக்கை வரைந்தமை தற்செயலன்று என்பதே எமது துணிபு.

ஓவியத்திற் போரின் சுவடு எதுவுமில்லை. இம்மௌனம் தப்பித்தலா? ஓரளவுக்கு ஆம் எனலாம். ஆயின் இங்கு ஒரு முரண்பாட்டை நாம் கவனித்தல் வேண்டும். சௌ மீயின் அரசை அழித்த படையெடுப்பே சாவோவுக்கு வடக்கே செல்லும் பாதையைத் திறந்துவிட்டது. பணிந்தவர் கண்டதைப் பணியாதவர் காணவில்லை. பதவியாற் பெற்ற அக்காட்சியையே சாவோ நண்பரிடம் கையளிக்கிறார். அவருடைய அரசியல் முடிவை இக்கொடை நியாயப்படுத்துவதில்லை; அம்முடிவு பிரித்த இருவரிடையே உறவு எஞ்சியிருந்தது என்பதற்கு மட்டும் சான்றாகின்றது.

சுருளோவியம் சுவரில் தொங்குவதன்று. கையிலெடுத்து, சிறிது சிறிதாக விரித்து, ஓரிருவர் பார்ப்பது. இன்று தாய்பேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்திலுள்ள இதில், பிற்காலச் சியென்லுங் பேரரசரின் எழுத்துக்களும் முத்திரைகளும் நெருங்கிக் கிடக்கின்றன. அவற்றை விலக்கி, முதலில் எவருக்காக இது விரிக்கப்பட்டது எனக் கேட்பதே திறனாய்வின் முதற்பணியாகும்.