ஒருவழி அறிவிப்புகள்

2017 நவம்பர் 29 அன்று தென் தமிழகக் கடலோரத்துக்கு வானிலைத் துறை விடுத்த அறிவிப்பு, மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்றது. இலங்கையை ஒட்டி உருவான தாழ்வு மண்டலம் மறுநாள் முற்பகலிலேயே ஒக்கி புயலானது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, பூத்துறை போன்ற குமரி மாவட்ட ஊர்களின் ஆழ்கடல் படகுகள் அதற்குப் பல நாள் முன்பே கிளம்பியிருந்தன. சுறாவுக்கும் சூரைக்கும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிப் போய், வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்பவர்கள் அவர்கள். போகாதீர்கள் என்ற செய்தி, போய்விட்டவர்களுக்கு எதையும் சொல்லவில்லை. அதைக் கேட்கும் தூரத்திலும் அவர்கள் இல்லை; படகிலிருக்கும் வி.எச்.எஃப். வயர்லெஸ் சில பத்து கிலோமீட்டருக்கு மேல் எட்டாது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக இருநூறுக்கும் மேற்பட்ட மீனவர்கள் இறந்தார்கள், அல்லது திரும்பவே இல்லை.

இந்தச் சாவுகளைப் பற்றிய விவாதம், எத்தனை மணி நேரம் முன்னதாகச் சொல்லியிருக்க முடியும் என்ற கேள்வியைச் சுற்றியே நடந்தது. நியாயமான கேள்விதான். எனக்கு அதைவிட ஆழமாகப் படும் சிக்கல் ஒன்று உண்டு. நம் கடல், வானிலை ஆய்வு நிறுவனங்கள் கடலோரத்தோடு பேசும் முறையே கரையில் நிற்பவரை மனத்தில் வைத்து அமைந்தது. 2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தபோது ஒடிசாவில் ஏறத்தாழ பத்து லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்ற முடிந்தது. 1999-இன் பெரும்புயலில் சுமார் பத்தாயிரம் பேரைப் பறிகொடுத்த அதே மாநிலத்தில் உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. கணிப்பது, அறிவிப்பது, வெளியேற்றுவது என்ற வரிசை கரையில் நன்றாகவே வேலை செய்கிறது. கடலுக்குள் இருப்பவரிடம் அது இரண்டாம் படியிலேயே நின்றுவிடுகிறது.

இந்த முறையை எடைபோட, இன்காய்ஸ் என்று அழைக்கப்படும் இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தை எடுத்துக்கொள்வது பொருத்தம். 1999-இல் தொடங்கப்பட்டு, இப்போது புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. புயலைக் கணிப்பது வானிலைத் துறையின் பொறுப்பு. அலை, நீரோட்டம், சுனாமி, மீன் கூடும் இடம் ஆகியவை இன்காய்ஸின் பொறுப்பு. ஹைதராபாத்தில், கடலிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் அது இருப்பது ஒரு குறையாகத் தோன்றலாம். செயற்கைக்கோளும் மிதவைகளும் அனுப்பும் தரவை வைத்து வேலை செய்யும் இடத்துக்கு அது குறை ஆகாது. சுனாமி எச்சரிக்கை மையம் அலை எட்டாத இடத்தில் இருப்பதே நல்லதும்கூட.

அதன் சாதனைகள் பெரியவை. 2004 டிசம்பர் 26 அன்று இந்தியாவிடம் சுனாமியை எச்சரிக்க எந்த ஏற்பாடும் கிடையாது. மூன்றே ஆண்டுகளில், 2007 அக்டோபரில், இன்காய்ஸ் வளாகத்தில் இந்திய சுனாமி எச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது சில நிமிடங்களில் முதல் அறிக்கை வந்தது. உச்சநிலை எச்சரிக்கை நிக்கோபாரின் சில பகுதிகளுக்கு மட்டுமே தரப்பட்டது. அந்த நிலநடுக்கத்தில் கடலடித் தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் பேரலை எழவில்லை. நாடு முழுவதையும் ஓடவிடாமல், ஆபத்தின் அளவை இடத்துக்கு இடம் பிரித்துச் சொல்ல அந்த மையத்துக்குத் துணிவும் அறிவும் இருந்தன. 2002 முதல் இந்தியா கடலில் இறக்கிவரும் ஆர்கோ மிதவைகளின் தரவும் இன்காய்ஸ் வழியாக உலகின் எந்த ஆய்வாளருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆய்வுக் கட்டுரையோடு நின்றுவிடாமல் தினமும் மக்களுக்குப் பயன்படும் செய்தியைத் தருவது என்று ஓர் ஆய்வு நிறுவனம் தன்னைக் கட்டாயப்படுத்திக்கொண்டதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

அந்தத் தினசரிச் செய்திகளில் மீனவர்கள் நன்கு அறிந்தது, மீன் கூடும் இடங்களைப் பற்றிய அறிவிப்பு. கடலின் மேற்பரப்பு வெப்பத்தையும், நுண்பாசிகளின் பச்சையத்தையும் செயற்கைக்கோள் அளக்கிறது. குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் சந்திக்கும் விளிம்பில் சத்து மேலேறி பாசி பெருகும். பாசியைத் தேடிச் சிறு மீனும், அதைத் தேடிப் பெரிய மீனும் வரும். எந்த இறங்குதளத்திலிருந்து எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டரில், எவ்வளவு ஆழத்தில் என்று தமிழிலேயே செய்தி வருகிறது. மீன் தேடி அலையும் நேரம் குறைந்தால் டீசல் மிச்சமாகும். டீசலே செலவில் பெரும்பங்காக இருக்கும் விசைப்படகுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் இந்த உதவி எல்லோருக்கும் ஒரே மாதிரி போய்ச் சேர்வதில்லை. மேகம் மூடிய நாளில் செயற்கைக்கோளால் கடலைப் பார்க்க முடியாது. ஆற்று வண்டலும் கலங்கலும் நிறைந்த கரையோர நீரில் பச்சையக் கணக்கு தடுமாறும். ஆழம் குறைந்த பாக் நீரிணையில் தொழில் செய்யும் நாட்டுப்படகுக்காரருக்கு அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் மீன் இருக்கிறது என்ற செய்தியால் ஒன்றும் ஆகாது. பெரிய எஞ்சினும் ஐஸ் அறையும் உள்ளவர் அங்கே போவார். செய்தி பொதுவானது, பலன் படகின் குதிரைத்திறனைப் பொறுத்தது. இன்னொன்றும் உண்டு: மீன் எங்கே என்று சொல்லும் அறிவிப்பு, எவ்வளவு பிடிக்கலாம் என்று சொல்வதில்லை. மீன் இருப்பைக் கணக்கிடும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் மண்டபத்தில் தொடங்கி, பின்னர் கொச்சிக்கு மாறிய மூத்த நிறுவனம். அது வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இருக்கிறது. இன்காய்ஸ் வேறோர் அமைச்சகத்தில். வலை வீசுபவருக்கு ஒன்றாக இருக்கும் கடல், அரசு அமைப்புக்குள் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது.

மீனவர்களிடம் இன்காய்ஸ் எதையும் கேட்பதில்லை என்று சொன்னால் அது அநியாயம். அறிவிப்பின்படி போன படகுக்கு மீன்பாடு கூடியதா என்று ஒப்பிடும் சோதனைகள் நடந்திருக்கின்றன. இந்தச் சேவையின் பொருளாதாரப் பலனை டெல்லியின் தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆய்வுக் குழுவும் மதிப்பிட்டிருக்கிறது. இந்த விசாரிப்புகள் அனைத்தும் கேட்பது ஒன்றைத்தான்: நாங்கள் சொன்னது உங்களுக்குப் பயன்பட்டதா? நீங்கள் கடலில் என்ன பார்த்தீர்கள் என்ற கேள்விக்கு இந்த அமைப்பில் இடமே ஒதுக்கப்படவில்லை.

இந்தக் குறையின் இன்னொரு முகத்தை மிதவைகளின் கதையில் பார்க்கலாம். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 1990-களின் பிற்பகுதி முதல் வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் நங்கூரமிட்ட மிதவைகளை நிறுத்திவருகிறது. காற்று, அலை, உப்பு, வெப்பம் எல்லாவற்றையும் அவை அளக்கின்றன. மிதக்கும் எதன் நிழலிலும் மீன் கூடும் என்பதால் படகுகள் அங்கே வருகின்றன. கயிறு அறுகிறது, சூரியத் தகடும் உணர்கருவியும் காணாமல் போகின்றன. புயல் காலத்தில் ஒரு மிதவை ஊமையானால் அலைக் கணிப்பு பலவீனமாகும், அதனால் உயிர் போகப்போவது மீனவருக்குத்தான். கழகம் இதை நாசவேலையாகப் பார்த்து விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடத்துகிறது. மிதவையைச் சேதப்படுத்துவதை நான் சிறிதும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனாலும், தான் தொழில் செய்யும் நீரில் தன்னைக் கேட்காமல் வைக்கப்பட்ட, யாருக்கோ செய்தி அனுப்பும் மஞ்சள் பொருள் ஒன்றை அவர் தன்னுடையதாக நினைக்க என்ன காரணம் கொடுத்திருக்கிறோம்? அந்த மிதவையின் இன்றைய அலை உயரம் அருகிலிருக்கும் இறங்குதளத்தின் பலகையில் தினமும் எழுதப்பட்டால், அதன் காவலர்கள் கடலிலேயே கிடைப்பார்கள்.

எச்சரிக்கையின் செலவைப் பற்றியும் பேச வேண்டும். ராமேஸ்வரத்தில் மீன்வளத் துறை டோக்கன் கொடுத்தால்தான் விசைப்படகு கிளம்பும். பலத்த காற்று வரும் என்ற அறிவிப்பு வந்தால் டோக்கன் நிறுத்தப்படும். ஆக, ஹைதராபாத்திலோ சென்னையிலோ ஆலோசனையாகப் பிறக்கும் வாக்கியம் கடற்கரையை அடையும்போது தடையாகிவிடுகிறது. அன்று காற்று வராவிட்டால் நாள்கூலி போனது மீனவருக்கு. அறிவித்த நிறுவனத்துக்கு எந்த இழப்பும் இல்லை. வராத ஆபத்தைச் சொன்னதற்கு யாரையும் யாரும் விசாரிப்பதில்லை, சொல்லாமல் விட்டதற்கு விசாரணை நிச்சயம். இந்த நிலையில் எந்த அதிகாரியும் கூடுதலாக எச்சரிக்கவே விரும்புவார். நீண்ட கடற்கரை முழுவதற்கும் சேர்த்து ஒரே வாக்கியத்தில் எச்சரிப்பதும் இதிலிருந்தே வருகிறது. திரும்பத் திரும்பப் பொய்த்தால், மெய்யாக வரும் நாளில் அந்த வாக்கியத்துக்குச் செவிகொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

புதுச்சேரிப் பகுதியில் இதற்கு வேறு மாதிரி ஒரு தொடக்கம் இருந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அங்கே கிராம அறிவு மையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்தில் அலை உயரக் கணிப்பை இணையத்திலிருந்து எடுத்து, ஊர் ஒலிபெருக்கியில் ஊர்க்காரர்களே வாசித்தார்கள். 2004 சுனாமியின்போது, சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாடு ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்ததும், அந்த ஊரின் ஒலிபெருக்கி வழியே எல்லோரையும் வெளியேற்றினார்கள். அலை எச்சரிக்கையின் அறிவியல் அங்கே எதுவும் இல்லை. ஆனால் தினமும் தங்களுக்காகவே பேசிய குரலை மக்கள் அன்றும் நம்பினார்கள். பாம்பனில் 2016 முதல் ஒலிக்கும் கடல் ஓசை சமுதாய வானொலிக்கும் இதே பலம் உண்டு: பேசுபவரும் கேட்பவரும் ஒரே கரையைச் சேர்ந்தவர்கள்.

மீனவரின் கவனிப்பு அறிவியலாகாது, அதைச் சரிபார்க்க முடியாது என்று ஒரு மறுப்பு எழும். கடலியலின் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. 1853-இல் பிரஸ்ஸல்ஸ் மாநாட்டில் கடல் வல்லரசுகள் கூடி, கப்பல் பதிவேட்டில் காற்றையும் நீரோட்டத்தையும் வெப்பத்தையும் ஒரே முறையில் எழுத ஒப்புக்கொண்டன. அப்படி மாலுமிகள் வாளியில் மொண்டு அளந்த வெப்பம்தான், கடல் எவ்வளவு சூடேறியிருக்கிறது என்று இன்று சொல்லும் நூற்றாண்டுக் கணக்கின் அடித்தளம். வணிகக் கப்பல்கள் தாமாக முன்வந்து வானிலை பதிவு செய்யும் ஏற்பாடு இப்போதும் தொடர்கிறது. கப்பல் கேப்டனின் பதிவு தரவு என்றால், நீவாடு எனும் நீரோட்டத்தின் போக்கையும் கொண்டல், கச்சான் காற்றுகளின் மாற்றத்தையும் தினம் பார்க்கும் மீனவரின் பதிவு ஏன் தரவாகாது?

கேரள, குமரிக் கடலோரத்தார் கள்ளக்கடல் என்று சொல்லிவந்ததை எடுத்துக்கொள்வோம். தெற்குப் பெருங்கடலின் புயல்களில் கிளம்பும் நீண்ட அலைகள் பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து, இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறும். ஊர் நெடுங்காலம் அறிந்திருந்த இதை அறிவுலகம் பின்னர் ஆராய்ந்தது. 2012-இல் யுனெஸ்கோ அந்தப் பெயரையே ஏற்றது. 2020-இல் இன்காய்ஸ் அதற்கென்று தனிக் கணிப்பையும் தொடங்கியது. 2024 மே 6 அன்று குமரி மாவட்டத்தின் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துச் சென்றபோது, அந்த எச்சரிக்கை நடப்பில் இருந்தது. கணிப்பு சரியாக இருந்தும் மணலில் நின்றவர்களின் உயிரைக் காக்க அது போதவில்லை.

ஒக்கிக்குப் பின் கருவிகள் வந்தன. 2019-இல் வெளியான ஜெமினி என்ற கருவி, செயற்கைக்கோள் வழியே கடல் நடுவிலும் எச்சரிக்கையைப் பெற்றுத் தரும்; அதிலிருந்து பதில் அனுப்ப முடியாது. இஸ்ரோவின் பழைய ஆபத்துகாலக் கருவி உதவி கேட்டுச் செய்தி அனுப்பும்; அந்தக் குரல் யாருக்காவது கேட்டதா என்பது படகுக்குத் தெரியாது. இதன் அடுத்த தலைமுறைக் கருவியில் அந்தக் குறை தீர்ந்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட திட்டம் ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் தருவதாகச் சொல்கிறது. குறுஞ்செய்தி இரு பக்கமும் போகும். தொழில்நுட்பத் தடை நீங்கிவிட்டது, இனி நிறுவனங்கள் தங்கள் வேலைமுறையை மாற்ற வேண்டும். லட்சத்தீவுக்கு மேற்கே நிற்கும் படகு ஒன்று இரவு இரண்டு மணிக்குக் காற்று திரும்பிவிட்டது என்று அனுப்பினால், தமிழும் மலையாளமும் தெரிந்த ஒருவர் அதைப் படிக்க வேண்டும். உடனே கணிப்பாளரின் மேசைக்குக் கொண்டுபோகும் அதிகாரமும் அவருக்கு வேண்டும். போகாதீர்கள் என்று சொன்ன நாட்களில் எத்தனை நாள் உண்மையில் காற்று வந்தது என்ற கணக்கை, இறங்குதள வாரியாக, ஒவ்வோர் ஆண்டும் இன்காய்ஸும் வானிலைத் துறையும் சேர்ந்து வெளியிட வேண்டும். அந்தக் கணக்கைச் சரிபார்க்கும் குழுவில், அந்த நாட்களில் படகைக் கரையிலேயே கட்டிவைத்திருந்தவர்கள் உட்கார வேண்டும்.