அதங்கோட்டாசான் எங்கே?

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றினுள் நுழைந்து பாருங்கள். துணி வெட்டும் மேசை ஒருபுறம். ஓவர்லாக் பொறிகளின் இரைச்சல் மறுபுறம். இவற்றையெல்லாம் கடந்து, துணியாய் இருந்தது சட்டையாய் மாறி வந்து சேரும் இடம் ஒன்று உண்டு. அங்கே பெரும்பாலும் பெண்கள் நிற்பர். விளக்கொளியில் சட்டையை விரித்து, தையல் விட்ட இடம் எது, கறை படிந்த இடம் எது எனக் கண்டு, பிசிறு வெட்டி, குறையுள்ளதை ஒதுக்கி வைப்பர். 'செக்கிங்' என்பது அதற்குத் தொழிலாளர் வழங்கும் பெயர். அந்த மேசையைத் தாண்டித்தான் சட்டை பெட்டிக்குள் போகும்.

ஒரு சட்டைக்கு இருக்கின்ற இந்தக் காவல் ஒரு கவிதைக்கு இருக்கிறதா? ஒரு சிறுகதைக்கு இருக்கிறதா? எழுதிய மை காயும் முன்னே அச்சுக்கு விரைகின்றோம். அச்சான மறுநாளே பாராட்டு விழா! மாலை உண்டு, பொன்னாடை உண்டு, வாழ்த்துரை உண்டு. நூலை முன்னரே படித்துப் பார்த்து, "இந்தப் பத்தி வேண்டாம் தோழரே" என்று சொன்னவர் ஒருவர் உண்டா? நாம் கேட்கும் கேள்வி அதுதான்.

எழுத்தாளன் தனியன், அவனுக்குத் துணை எதற்கு, கூட்டம் சேர்த்தா குயில் கூவுகிறது என்பார் உளர். கேட்க இனிக்கிறது; ஆனால் தமிழ் மரபு அவ்வாறு சொல்லவில்லை. நம்மிடையே உள்ள மிகப் பழைய நூல் தொல்காப்பியம். அது எவ்வாறு உலகுக்கு வந்தது? பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் என்னும் அறிஞர் கேட்டிருக்க, குற்றமற எடுத்துரைக்கப்பட்டு வந்தது என்று பாயிரம் பேசுகிறது. பாயிரம் எழுதியவர் யார்? பனம்பாரனார், தொல்காப்பியரோடு ஒருங்கு கற்றவர் என்பது மரபு. எழுதியவர் ஒருவர், கேட்டு ஆராய்ந்தவர் ஒருவர், உடன் நின்று உலகுக்கு அறிமுகம் செய்த தோழர் ஒருவர். மூவர் சேர்ந்த சிறு வட்டம் அது! அரங்கேற்றம் என்பது ஆரவாரம் அன்று, ஆராய்ச்சி. நாம் ஆரவாரத்தை வைத்துக்கொண்டோம், ஆராய்ச்சியை விட்டுவிட்டோம்.

அண்மைக் காலத்திற்கு வருவோம். திருப்பூரும் உடுமலையும் 2009 வரை கோவை மாவட்டத்துள் அடங்கியவை. அந்தக் கோவையில் 1971இல் ஒரு வட்டம் கூடிற்று. வானம்பாடி என்பது அதன் பெயர். உடுமலைப் பகுதியைச் சேர்ந்த புவியரசு, பொள்ளாச்சிப் பக்கத்துச் சிற்பி, விசைத்தறி ஓசை கேட்கும் சோமனூரில் பிறந்த ஞானி, அக்கினிபுத்திரன், முல்லை ஆதவன் முதலானோர் அதில் இருந்தனர். விலையின்றியே இதழைக் கொடுத்தனர். பெரிய ஏடுகளின் வாயிலில் காத்து நிற்க வேண்டியதில்லை, நமக்கு நாமே வாயில் என்ற துணிவை அந்த வட்டம் இளங்கவிஞர்க்கு அளித்தது. புதுக்கவிதை ஊர்தோறும் பரவியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. இதை மறுப்பது நன்றி மறத்தலாகும்.

ஆயினும் குறையையும் கூறத்தான் வேண்டும். ஒரே மேடை, ஒரே முழக்கம், ஒரே உவமை எனச் சென்று, ஒருவர் குரல் மற்றவர் குரலோடு கலந்து தனித்தன்மை கரைந்த பாடல்களும் அங்கே மலிந்தன. கைதட்டல் எழுந்த இடத்தில் கத்தரிக்கோல் எழவில்லை. பின்னர்க் கருத்து வேறுபாடு முற்றிற்று, வட்டம் கலைந்தது. கற்கும் பாடம் என்ன? தோள் கொடுப்பது வட்டத்தின் பாதி வேலைதான். குறை காட்டுவது மறுபாதி. முதற்பாதி மட்டும் இருந்தால் வட்டம் இசைக்குழு ஆகிவிடும். இரண்டாம் பாதி மட்டும் இருந்தால் நீதிமன்றம் ஆகிவிடும்.

இரண்டும் பொருந்திய வாழ்வு ஒன்றைக் காட்டு என்பீரேல், அதே ஞானியைக் காட்டுவோம். தமிழாசிரியர், மார்க்சியத் திறனாய்வாளர். 1980களின் பிற்பகுதியில் கண்ணொளி இழந்தார். படிப்பதையே உயிராகக் கொண்டவருக்கு இதனினும் கொடிய இழப்பு உண்டா? எழுத்து அன்றோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை! அருகிருந்தோர் படித்துக் காட்டினர், அவர் கேட்டார். அவர் சொன்னார், அவர்கள் எழுதினர். 2020இல் மறையும்வரை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நூலும் இதழும் வந்துகொண்டே இருந்தன. அட்டையில் ஒரு பெயர். அதன் பின்னே படித்த குரல்கள் எத்தனை, எழுதிய கைகள் எத்தனை! எழுத்தாளன் தனியன் என்பார் அந்த வீட்டுத் திண்ணையில் ஒரு மாலை அமர்ந்திருந்தால் தம் கருத்தை மாற்றிக்கொண்டிருப்பர். அவரும் பெற்றதோடு நிற்கவில்லை. பெண்களுக்கெனச் சிறுகதைப் போட்டிகள் நடத்தி, வந்த கதைகளைத் தொகுத்து நூலாக்கினார். வாங்கிய கையே வழங்கிற்று.

திருப்பூரிலும் இந்த எண்ணம் இல்லாமல் இல்லை. சுப்ரபாரதிமணியன் 1987இல் செகந்திராபாத்தில் தொடங்கிய 'கனவு' இதழைப் பின்னர்த் திருப்பூரிலிருந்து நடத்திப் பிறர் எழுத்துக்கும் இடம் கொடுத்தார். அவருடைய 'சாயத்திரை' நாவல், சாயக் கழிவால் நொய்யல் நஞ்சானதைப் பேசிற்று. சாய ஆலைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் 2011இல் ஆணையிட்டது. நாவல் வந்ததோ அதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன்னர். ஓர் ஊரின் எழுத்து ஊரின் நோயை முன்கூட்டியே காணும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அப்படியானால் இன்னும் காணாமல் கிடப்பவை எவை? இங்கேதான் நம் குற்றச்சாட்டு.

திருப்பூரின் தையற் பொறிகளின் முன்னே, செக்கிங் மேசைகளின் முன்னே, கைமடிக்கும் இடங்களிலே பெண்கள் ஆயிரமாயிரமாய் உழைக்கின்றனர். அவர்களுள் எழுதுபவள் இல்லையா? கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்கு வரி எழுதி, யாரும் காணாமல் கிழித்தெறிபவள் இல்லையா? இருப்பாள். ஆனால் நம் இலக்கிய வட்டங்களில் அவளுக்கு நாற்காலி இல்லை. நாம் அவளை விரட்டவில்லை, உண்மை. விரட்டவேண்டிய தேவையே நேராதபடி அமைத்துவிட்டோம்!

எப்படி? நாம் கூடுவது ஞாயிறு மாலை. ஆறு நாள் ஒன்றரை ஷிப்ட் உழைத்தவளுக்கு அந்த ஞாயிறுதான் துணி துவைக்கும் நாள், தண்ணீர் பிடிக்கும் நாள், சந்தைக்குப் போகும் நாள், கறி ஆக்கிப் போடும் நாள். ஆலை விடுதியில் தங்கிய பெண்ணோ, வெளியே போகவும் நேரம் குறித்து அனுமதி பெறவேண்டிய நிலை பல இடங்களில் உண்டு. இலக்கியம் பேசக் கணவன் கிளம்புகிறான். அவன் சட்டைக்கு அயர்ன் போட்டுக் கொடுத்து மனைவி அடுப்படிக்குத் திரும்புகிறாள். உள்ளே 'பெண்ணியக் கவிதைகள்' பற்றி ஆண்கள் எழுவர் உரையாற்றுகின்றனர்! நகைப்பதா, நாணுவதா?

சாதியும் இவ்வாறே நுழைகிறது. நண்பரின் நண்பர், உறவினரின் உறவினர் எனச் சேர்த்துக்கொண்டே போனால், வட்டம் எழுத்தாளர் வட்டமாய்த் தொடங்கிப் பங்காளி வட்டமாய் முடியும். பங்காளிகள் குறை சொல்லார்; சொன்னால் பகை. குறை சொல்லாத இடத்தில் எழுத்து வளராது. ஆகவே வேறு தெரு, வேறு தொழில், வேறு பிறப்பினர் ஒருவரேனும் அருகிருத்தல் அறம் மட்டுமன்று. எழுத்தின் நலமும் அதுவே.

வட்டம் பெரிதாக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நால்வர் போதும், ஐவர் போதும். ஆனால் அவள் ஓய்ந்திருக்கும் நேரத்தைக் கேட்டு, அந்த நேரத்தில் கூடுங்கள். குழந்தையோடு வந்தால் முகம் சுளிக்காதீர்கள். தேநீரை ஆண்கள் போடுங்கள். எழுதத் தெரியாதவள் சொல்லட்டும், தெரிந்தவர் எழுதுங்கள். கண்ணொளி இழந்த ஓர் அறிஞருக்குச் செய்ய முடிந்ததை, பள்ளியைப் பாதியில் விட்டுப் பொறிக்கு வந்த ஒரு பெண்ணுக்குச் செய்ய முடியாதா? பிறகு அவள் எழுத்தைப் பாராட்டித் தீர்த்துவிடாதீர்கள். பிசிறு எங்கே, தையல் விட்டது எங்கே என்று சொல்லுங்கள். அதுவே அவளை எழுத்தாளராய் மதிப்பது.

உங்கள் எழுத்தையும் அவளிடம் கொடுங்கள். நாளெல்லாம் நின்று பிறர் தைத்த சட்டையில் குறை கண்டு பழகிய கண் அது. உலகுக்குப் போகும் ஆடையை அவள் கண் தேர்ந்து அனுப்புகிறது. உங்கள் கவிதையைத் தேர அது போதாதா?

அதங்கோட்டாசான் எங்கே என்று கேட்டோம். செக்கிங் மேசைமுன் நிற்கிறாள், அழைப்பார்தான் இல்லை.